பழைய காகிதத்தை எடைக்குப் போடும் முன் இதைப் படியுங்கள்

நீண்ட பதிவு. சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே படியுங்கள். பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போடாதீர்கள். கோபமாகத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி. வீடு மாற்றும்போது பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தார்களாம். பழைய சான்றிதழ், ரேஷன் கார்டு, கம்பெனிச் சீட்டு எல்லாவற்றையும் எடைக்குப் போட்டாகிவிட்டதாம். காரணம் என்ன தெரியுமா? "எல்லாத்துலயும் பேர் தப்புத் தப்பா இருந்துச்சு. இப்போ ஆதார், பான், பாஸ்போர்ட் மூணுலயும் ஒரே ஸ்பெல்லிங். பழசு இருந்தா குழப்பம்தான்." கீழே வரிசையாகக் கைதட்டல் படங்கள்.

அதே வாரம் வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவன் ஒருவன் எழுதினான்: "டீச்சர், வெள்ளைக்காரனுக்கு ஃபேமிலி நேம் இருக்கு, பத்துத் தலைமுறை தேடுறான். நமக்கு அது இல்ல. அதனாலதான் தாத்தாவுக்கு மேல ஒண்ணும் தெரியல."

இரண்டு பேச்சும் தவறு. ஒன்று, தடயத்தைக் குப்பை என்கிறது. இன்னொன்று, கையில் இருப்பதை இல்லை என்கிறது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் மாணவனுக்குப் பதில்.

தம்பி, குடும்பப் பெயர் இருந்தால் எல்லாம் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்கிறாய். போலந்துக்காரர்களைக் கேட்டுப் பார். அவர்களுக்குக் குடும்பப் பெயர் உண்டு. ஆனால் அந்த நாட்டை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் 1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை வரைபடத்தில் போலந்து என்ற நாடே இல்லை. ஒரு பக்கம் ஜெர்மன் எழுத்துக்கூட்டல், ஒரு பக்கம் லத்தீன். ரஷ்யப் பக்கத்தில் 1868 முதல் பிறப்பு, இறப்புப் பதிவுகள் ரஷ்ய எழுத்தில். ஒரே குடும்பத்தின் அண்ணன் பெயர் ஒரு மாதிரி, தம்பி பெயர் ஒரு மாதிரி. ஊர்ப் பெயரும் அப்படியே. ஆஸ்திரியா காலத்தில் லெம்பெர்க், போலந்து காலத்தில் ல்வூஃப், சோவியத் காலத்தில் ல்வோவ், இன்று உக்ரைனில் ல்விவ். நான்கும் ஒரே ஊர். அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு தேடுகிறார்கள் என்றால், ஒவ்வொரு எழுத்துக்கூட்டலையும் பத்திரமாக வைத்துக்கொண்டுதான் தேடுகிறார்கள். "இது ரஷ்யன் எழுதியது, அப்படியானால் இந்த வருடத்துக்குப் பிறகு, இந்தப் பக்கத்து ஊர்" என்று அதை வைத்தே இடத்தையும் காலத்தையும் கண்டுபிடிக்கிறார்கள். நாம் பிழை என்று எடைக்குப் போட்டதை அவர்கள் துருப்புச் சீட்டாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

குடும்பப் பெயர் இல்லாதவர்கள் நாம் மட்டுமா? ஐஸ்லாந்தில் பெரும்பாலானோருக்கு இன்றும் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரோடு 'மகன்', 'மகள்' என்று சேர்த்துக்கொள்வார்கள். நம்முடைய இனிஷியல் போலத்தான். ஆனால் வம்சாவளியை உலகத்திலேயே நன்றாக எழுதி வைத்திருக்கும் மக்களில் அவர்கள் முன்வரிசை. பெயர் முறையினால் வந்த பெருமை இல்லை அது. எழுதி வைத்ததால் வந்தது.

நம் இனிஷியல் எப்படி வந்தது என்பதையும் மறந்துவிடாதே. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். அடுத்த இரண்டு தலைமுறையில் தமிழ்நாட்டில் அது வெட்கத்துக்குரிய பழக்கமாகவே ஆனது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வருகைப்பதிவு எடுத்தவள் நான். பட்டம் இல்லாத பெயர்களாக வாசிப்பது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத் தெரியும். இன்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் காலியாக இருக்கிறது என்பதற்காக, தாத்தா கழற்றி எறிந்ததைப் பேரன் தேடி எடுத்து ஒட்டிக்கொள்கிறான். கேட்டால் "வேர்" என்கிறான். அப்பா பெயர், ஊர்ப் பெயர், பிறந்த வருடம், இந்த மூன்றும் இருந்தால் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். ஜாதிப் பட்டத்தை வைத்து ஒரு ஆளையும் கண்டுபிடிக்க முடியாது. லட்சம் பேருக்கு ஒரே பட்டம்தானே?

இனிஷியலில் ஒரு பெரிய குறை இருக்கிறது. அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அதில் அம்மா இல்லை. பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் அவளுடைய இனிஷியலும் மாறிவிடுகிறது. உன் பாட்டியின் அப்பா பெயர் என்ன? சொல் பார்ப்போம். பத்தில் எட்டுப் பேர் விழிப்பீர்கள். பர்மியர்களுக்கும் குடும்பப் பெயர் கிடையாது. ஆனால் ஆங் சான் சூ கீயின் பெயரைப் பிரித்துப் பாருங்கள். ஆங் சான் அப்பா பெயர், சூ பாட்டி பெயர், கீ அம்மா பெயரிலிருந்து வந்தது. ஒரு பெயருக்குள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பெண்கள். நாம் ஒற்றை எழுத்தில் அப்பாவை மட்டும் சுருட்டி வைத்திருக்கிறோம்.

அடுத்து, 'தப்புத் தப்பான ஸ்பெல்லிங்' விஷயத்துக்கு வருகிறேன். இதுதான் என் முக்கியமான வாதம். ஒரு பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது, அந்த ஆள் எந்த ஆட்சியில், எந்த வகை எழுத்தர் முன்னால் போய் நின்றார் என்பதைச் சொல்லிவிடும்.

முத்து என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'உ' ஒலிக்கு வெறும் 'யு' இருந்தால் மெட்ராஸ் பக்கம். அதற்குப் பதில் 'ஓ-யு' என்று இரண்டு எழுத்து இருந்தால், பிரெஞ்சுக்காரர் முறை. புதுச்சேரி, காரைக்கால், ரீயூனியன், மொரிஷியஸ் என்று தேடவேண்டும். லட்சுமிக்கு நடுவில் 'டி-சி-எச்' வந்து 'லெட்சுமி' ஆகியிருந்தால், இலங்கைத் தோட்டத்துப் பக்கமோ மலாயா பக்கமோ ஒரு கண் வையுங்கள். அங்கே அப்படி எழுதியதை அதிகம் பார்க்கலாம். தென்னாப்பிரிக்காவில் 'கோவெண்டர்' என்றால் நம்ம கவுண்டர். 'மூட்லி' என்றால் முதலி. இது எங்கிருந்து ஆரம்பம்? நம் சென்னைக் கடலிலிருந்துதான். 1860 அக்டோபரில் 'ட்ரூரோ' என்ற கப்பல் இங்கிருந்து கரும்புத் தோட்டக் கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, நவம்பர் 16 அன்று டர்பன் போய்ச் சேர்ந்தது. அது முதல் 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, ஜில்லா, கிராமம், உடம்பில் இருந்த அங்க அடையாளம் வரை எழுதினார்கள். எழுத்துக்கூட்டல் கன்னாபின்னாவென்றுதான் இருக்கும். ஆனால் அந்தக் கன்னாபின்னாவை அப்படியே காப்பாற்றியதால்தான் இன்று டர்பனில் இருக்கும் பிள்ளை தன் கொள்ளுத்தாத்தாவின் கிராமத்தைத் தேடி இங்கே வர முடிகிறது. நல்லவேளை, யாரும் உட்கார்ந்து அதைச் 'சரி' செய்யவில்லை.

கடல் தாண்டவே வேண்டாம், நம் பேட்டைக்கே வாருங்கள்.

ராயபுரம். ஆங்கிலத்தில் 'ரா' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்-ஓ' போட்டு எழுதுகிறார்கள். அதைப் பார்த்து, யாரோ ராய் என்ற வங்காளியின் பெயர் என்று சொன்னவர்களும் உண்டு. நம் பகுதியில் சொல்லும் விளக்கம், அது இராயப்பர் பெயர். இராயப்பர் என்றால் பேதுரு, அதாவது பீட்டர். மூன்றும் ஒரே ஆள். அருளப்பர் யோவான். சின்னப்பர் பவுல். சூசையப்பர் யோசேப்பு. இது தெரியாதவன், கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் 'சின்னப்பன்' என்றும் துறைமுகச் சம்பளப் பட்டியலில் 'பால்' என்றும் இருந்தால் இரண்டு ஆள் என்பான். தெரிந்தவன் ஒரே தாத்தா என்பான். மீனவக் குப்பங்களில் என்னிடம் படித்த பிள்ளைகளே, உங்கள் வீட்டில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை. தொண்டிக்குப் பக்கத்துக் குணங்குடியிலிருந்து வந்த மஸ்தான் சாகிபுவை மக்கள் 'தொண்டியார்' என்றார்கள், அதனால் தொண்டியார்பேட்டை, பிறகு தண்டையார்பேட்டை என்று ஒரு கதை எல்லாரும் சொல்வோம். ஆங்கில எழுத்துக்கூட்டலில் 'தொண்டியார்' தெரிகிறது என்று ஆதாரமும் காட்டுவோம். பெரியவர் மேல் எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் அவர் வாழ்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை. 1693-லேயே எழும்பூர், புரசைவாக்கத்தோடு தண்டையார்பேட்டையும் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. அவர் பிறப்பதற்கு முன்பே ஊரும் பெயரும் இருந்திருக்கின்றன. இதை எனக்குச் சொன்னது தேதியோடு இருக்கும் காகிதம். குடும்பக் கதைகளுக்கும் இதே விதிதான். பாட்டி சொன்னதைக் கேளுங்கள், எழுதிக்கொள்ளுங்கள், பிறகு காகிதத்தோடு ஒத்துப் பாருங்கள். காகிதத்தை எறிந்துவிட்டால் எதோடு ஒத்துப் பார்ப்பீர்கள்?

'எல்லாவற்றையும் ஒரே சரியான ஸ்பெல்லிங் ஆக்கிவிடலாம்' என்ற ஆசை அரசாங்கத்துக்கே வந்து பார்த்தது. 2020 ஜூனில் 1,018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளிவந்தது. தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப எழுத வேண்டும் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் வேலூரை 'வீலூர்' என்று படிக்கும்படி எழுதி வைத்தார்கள். ஊரே சிரித்தது. சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஊருக்காவது திரும்பப் பெற ஒரு ஆணை இருந்தது. உங்கள் தாத்தா பெயருக்கு யார் போடுவார்?

நியூமராலஜி பார்த்து ஒரு 'ஏ' கூட்டி ஒரு 'எச்' குறைக்கிறவர்களைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. காசு கொடுத்துக் குழப்பத்தை வாங்குகிறீர்கள், அவ்வளவுதான்.

பர்மா விஷயத்துக்கு வருகிறேன். சொந்தங்கள் கவனமாகப் படியுங்கள், இது நம் வீட்டுக் கதை.

1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அந்த வருடம் தனியாகப் பிரித்தார்கள். 1942-ல் ஜப்பான்காரன் வந்தான். 1948-ல் சுதந்திரம். ஆக, ரங்கூனில் ஒரே வீட்டில், ஒரே தாய்க்கு 1935, 1939, 1943, 1949 ஆகிய வருடங்களில் நான்கு பிள்ளைகள் பிறந்திருந்தால், ஒருவன் பிறந்தது இந்தியாவில், ஒருவன் பிறந்தது பிரிட்டிஷ் பர்மாவில், ஒருவன் ஜப்பான் ஆட்சியில், ஒருவன் சுதந்திர நாட்டில். வீடு ஒரு அடிகூட நகரவில்லை. பிறகு 1964-ல் நே வின் அரசு கடைகளையும் வியாபாரத்தையும் நாட்டுடைமை ஆக்கியது. மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்றது. வெறுங்கையோடு கப்பல் ஏறினார்கள். தமிழ்நாட்டுக்கு மட்டும் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் திரும்பி வந்தார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கமும் குடியேறினார்கள், பாரிமுனையில் பர்மா பஜார் போட்டார்கள். நகை வரவில்லை, பணம் வரவில்லை, கடைப் பத்திரம் வரவில்லை. வந்தது சில காகிதங்கள். அதைத்தான் கிலோ கணக்கில் போட்டிருக்கிறீர்கள்.

அந்தக் காகிதங்களில் பெயர் 'தப்பாக' இருக்கத்தான் செய்யும். பர்மியர் வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்ப ஆணுக்கு மாங், கோ, ஊ என்றும் பெண்ணுக்கு மா, டோ என்றும் முன்னால் சேர்ப்பார்கள். ஐ.நா. சபையின் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்டின் 'ஊ' கூட இனிஷியல் இல்லை, நம்ம 'திரு' மாதிரிதான். என் அப்பாவுடைய ரங்கூன் காகிதம் ஒன்றில் பெயருக்கு முன் 'கோ' இருக்கிறது. அண்ணன் என்று அர்த்தம். இங்கே வந்த பிறகு எழுதிய ஒரு காகிதத்தில் அந்தக் 'கோ' சுருங்கி 'கே' என்ற இனிஷியல் ஆகிவிட்டது. 'கே' என்றால் எந்தத் தாத்தா என்று நம் குடும்பம் இரண்டு தலைமுறையாகத் தேடியது உங்களுக்கு நினைவிருக்கும். அப்படி ஒரு தாத்தாவே கிடையாது! இரண்டு காகிதமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால்தான் அது தெரிந்தது. ஒன்றைக் கிழித்திருந்தால் இன்றைக்கும் இல்லாத தாத்தாவுக்குத் திதி கொடுத்துக்கொண்டிருப்போம்.

ஊர்ப் பெயரும் மாறிவிட்டது. 1989-ல் ரங்கூன் யாங்கோன் ஆனது, பெகு பகோ ஆனது, பசீன் பத்தேன் ஆனது, மோல்மேன் மௌலமியைன் ஆனது. பேரப்பிள்ளை கூகுளில் புதுப் பெயரைப் போட்டுத் தேடினால் 1930-ஆம் வருடத்துக் காகிதம் எப்படிக் கிடைக்கும்? பழைய பெயர், பழைய எழுத்துக்கூட்டல், அதுதான் சாவி.

"டீச்சர், இதெல்லாம் பேசலாம். பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் பி.எஃப். பணம் வராது, விசா வராது" என்பீர்கள். உண்மை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் விசிட் விசாவில் வர முடியாது என்றது. நம் பிள்ளைகள் எத்தனை பேர் அலைந்தார்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் வந்தபோது, 2002, 2005 பட்டியல்களில் உங்கள் பெயரை, இல்லையென்றால் பெற்றோர் பெயரைக் கண்டுபிடித்து எழுதச் சொன்னார்கள். எங்கள் தெருவில் படிவத்தோடு வந்த பெண்களுக்கு நான் உட்கார்ந்து தேடிக் கொடுத்தேன். இன்றைய ஆதார் எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடினால் கிடைக்காது. "அம்மா, அந்தக் காலத்துல உங்க பேரை எப்படிச் சொல்லுவாங்க, பழைய ரேஷன் கார்டுல எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுத் தேடினால் கிடைத்தது. பழைய கார்டை வைத்திருந்தவர் பத்து நிமிடத்தில் எழுந்து போனார். இல்லாதவர் மூன்று நாள் நடந்தார்.

என் அம்மாவின் குடும்ப ஓய்வூதியத்துக்கு ஓர் அலுவலகத்தில் பதினோரு மாதம் நடந்தோம். ஒரு காகிதத்தில் 'லெட்சுமி', இன்னொன்றில் 'லக்ஷ்மி'. "இது ரெண்டு பேரா ஒரே ஆளா?" என்று, எண்பது வயதுப் பெண்மணியை எதிரில் உட்கார வைத்துக்கொண்டே கேட்டார்கள். அவருக்கு எழுதத் தெரியாது. இரண்டு எழுத்துக்கூட்டலும் அவர் எழுதியது இல்லை, அலுவலகங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எழுதியது. எழுதினவர் வீட்டுக்குப் போய்விட்டார், எழுதப்பட்டவர் நோட்டரிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடக்கிறார். கடைசியில் காப்பாற்றியது எது தெரியுமா? கப்பலிலிருந்து இறங்கியபோது கொடுத்த காகிதம். அதில் ஒரு பக்கம் ஒரு மாதிரியும் மறுபக்கம் இன்னொரு மாதிரியும் எழுதியிருந்தது. இரண்டு 'தப்பும்' ஒரே தாளில் இருந்ததால் வழக்கு முடிந்தது.

என் கோரிக்கை இரண்டு பக்கமும் உண்டு. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் என் மாணவர்களுக்கு: தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுத இங்கே ஒரே முறை என்று எப்போதும் இருந்ததில்லை. அப்பா பெயர், ஊர், வயது மூன்றும் பொருந்தினால், ஒரு 'எச்' குறைவதற்காக மனிதரைத் திருப்பி அனுப்பாதீர்கள். சந்தேகம் இருந்தால் பெயரைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். காதுக்கு ஒன்றாகக் கேட்டால், மிச்சத்தை விசாரித்துத் தீர்க்கவேண்டிய பொறுப்பு உங்களுடையது.

குடும்பங்களுக்கு: இனிமேல் ஒரே எழுத்துக்கூட்டல் வைத்துக்கொள்ளுங்கள், தாராளமாக. மாற்ற வேண்டுமானால் அரசிதழில் முறையாக மாற்றுங்கள். அதில் பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்து அச்சாகும். அந்த ஒரு பக்கம் நாளைய பேரனுக்குப் பாலம். மாற்றியபின் பழையதைக் கிழிப்பது, பாலத்தைக் கடந்துவிட்டு அதை இடிப்பது.

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுப்பாடம் கொடுக்கிறேன். பிரம்பு இல்லை, பயப்படாதீர்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு எடுங்கள். ஐந்து கட்டம் போடுங்கள்: வீட்டில் கூப்பிடும் பெயர், காகிதத்தில் இருக்கும் பெயர் (எழுத்துக்கு எழுத்து, திருத்தாமல்), அந்தக் காகிதம் எது, எந்த ஊர், எந்த வருடம். அப்பா பக்கம் எழுதினால் அம்மா பக்கமும் எழுத வேண்டும். பாட்டியின் அப்பா, அம்மா பெயர் இல்லாத நோட்டை நான் திருத்த மாட்டேன். எங்கே தேடுவது? பழைய கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, மொய் நோட்டு. மொய் நோட்டைப் போல ஊரும் இனிஷியலும் சேர்ந்த பட்டியல் வேறெங்கும் கிடைக்காது. சீர்வரிசைப் பாத்திரங்களைக் கவிழ்த்துப் பாருங்கள், விளிம்பில் யார் பெயர் வெட்டியிருக்கிறது என்று. பள்ளி மாற்றுச் சான்றிதழ், கோயில் பதிவேடு, கம்பெனி டோக்கன். எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். எடுத்தபிறகும் அசலை எறியாதீர்கள். போட்டோவில் பின்பக்கம் தெரியாது.

எண்பது தாண்டியவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள். பெட்டியில் இருப்பது அடுத்த மாதமும் இருக்கும். அவர்கள் அப்படி இல்லை.

உங்கள் வீட்டில் ஒரே ஆளுக்கு எத்தனை எழுத்துக்கூட்டல் இருக்கிறது என்று கீழே எழுதுங்கள். நான் சொன்னது தவறு என்று சண்டை போட நினைப்பவர்களும் வரலாம், ஆனால் கையில் ஒரு காகிதத்தோடு வாருங்கள்.

உங்கள் டீச்சர்,
திருவொற்றியூர்